சினிமா பாட்டில் பார்த்த அந்தப் பச்சைக்குப் பின்னால் ஒரு மாட்டுத் தொழுவம்! - ஆல்ப்ஸ் மலையில் ஓர் இரவு

ஸ்விட்சர்லாந்து டூர் பேக்கேஜ் என்றால், அதில் 'மவுன்ட் டிட்லிஸ்' பெரும்பாலும் இருக்கும். ஏங்கல்பெர்க் என்ற ஊரில் கேபிள் கார் ஏற வேண்டும். மேலே போய், சுழலும் கேபினுக்கு மாற வேண்டும். 3,020 மீட்டர் உயரத்தில் இறங்கினால் கண் கூசும் பனி. அங்கே நிற்கும் ஷாருக் கான் - கஜோல் கட் அவுட் பக்கத்தில் ஒரு போட்டோ, ஒரு சூடான டீ, மாலைக்குள் கீழே.

இதே கேபிள் காரில், பாதி வழியில் ட்ரூப்சே என்ற ஸ்டேஷனில் சிலர் மட்டும் இறங்கிக்கொள்வார்கள். முதுகில் பை, கையில் ஊன்றுகோல், காலில் கனமான ஷூ. அவர்கள் போகிற திசையில் பனி கிடையாது. புல் இருக்கும், மாடு இருக்கும், சாணம் இருக்கும். காலையில் சீஸ் காய்ச்சும் வாசனையோடு கண்விழிக்க ஒரு படுக்கையும் கிடைக்கும்.

டிட்லிஸ் பனியைவிட இந்த வழிதான் ஸ்விட்சர்லாந்தைப் புரியவைக்கும். ஏனென்றால், நம் ஊர் பாடல் காட்சிகளில் ஹீரோயின் துப்பட்டா பறக்க ஓடிவருவாரே, அந்தப் பச்சைச் சரிவுகளில் பெரும்பகுதி இயற்கை தானாகக் கொடுத்தது கிடையாது. அது பல நூறு வருடங்களாக மாடுகளும் மனிதர்களும் சேர்ந்து உருவாக்கி வைத்திருப்பது.

ஆல்ப் என்றால் சிகரம் இல்லை!

'ஆல்ப்ஸ்' என்றதும் நமக்கு வெள்ளைச் சிகரங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், ஜெர்மன் பேசும் ஸ்விஸ் மக்களிடம் 'ஆல்ப்' என்று சொன்னால், கோடையில் மாடு மேயும் உயரமான மேய்ச்சல் நிலம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். ஆஸ்திரியாவிலும் தெற்கு ஜெர்மனியின் பவேரியாவிலும் இதையே 'ஆல்ம்' என்பார்கள். புல்வெளி, அதில் நிற்கும் மரக்குடில், தொழுவம், சீஸ் செய்யும் அறை எல்லாம் சேர்ந்ததுதான் ஓர் ஆல்ப்.

எதற்காக மாட்டை மலைக்கு ஓட்ட வேண்டும்? பள்ளத்தாக்கில் இருக்கும் விவசாயிக்கு நிலம் குறைவு. குளிர்காலம் முழுக்க மாடு கொட்டகைக்குள்தான் நிற்கும். அதற்குத் தேவையான தீவனப் புல்லைக் கோடையிலேயே அறுத்து, காயவைத்து, சேர்த்துவைக்க வேண்டும். அதே புல்லைக் கோடையில் மாடு மேய்ந்துவிட்டால், பனிக்காலத்தில் எதைப் போடுவது? அதனால், பனி உருகியதும் மாடுகளை மேலே அனுப்பிவிடுகிறார்கள். மாடு மலைப்புல்லைத் தின்னும் மூன்று மாதத்தில், கீழே வளரும் புல் அறுவடையாகிக் களஞ்சியத்துக்குப் போய்விடும். அரசு மானியக் கணக்கில்கூட ஒரு மாட்டுக்கு நூறு நாள் மேய்ச்சல் என்பதுதான் அடிப்படை அளவு.

மேலே போன மாடு அங்கேயும் பால் கறக்குமே... அந்தப் பாலை என்ன செய்வது? ரோடும் வண்டியும் இல்லாத காலத்தில் தினமும் கீழே கொண்டுவர வழியில்லை. அதனால் அங்கேயே சீஸாக்கினார்கள். ஒரு கிலோ சீஸுக்குச் சுமார் பத்து லிட்டர் பால் தேவை. பத்து லிட்டரைச் சுமப்பதைவிட ஒரு கிலோவைச் சுமப்பது சுலபம். தவிர, சீஸ் மாதக்கணக்கில் கெடாது. ஆல்ப்ஸின் புகழ்பெற்ற பெரிய வட்ட சீஸ்களுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கட்டாயம்தான்.

ஸ்விட்சர்லாந்தின் விவசாய நிலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட கோடை மேய்ச்சல் நிலம். இதில் பெரும்பகுதி, மரமே வளராத உயரத்தில் இல்லை. மாடு மேய்வதாலும், ஆட்கள் வருடா வருடம் புதரை வெட்டுவதாலும்தான் அங்கே மரம் வளரவில்லை. மேய்ச்சலை நிறுத்தினால், பச்சை ஆல்டர் என்ற புதர்ச்செடி முதலில் நுழையும். சில பத்தாண்டுகளில் புல்வெளி போய்விடும். 'காடு வந்தால் நல்லதுதானே' என்று கேட்கலாம். ஆனால், ஆல்டர் புதர் மண்டிய இடத்தில், புல்வெளியில் இருந்த பலவகைப் பூச்செடிகளும் அவற்றை நம்பிய பட்டாம்பூச்சிகளும் குறைந்துவிடுகின்றன.

2023 டிசம்பரில் யுனெஸ்கோ, ஸ்விட்சர்லாந்தின் இந்த 'ஆல்ப் பருவ'த்தை மனித குலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. கட்டடம், கோயில்போல இது ஒரு பொருள் கிடையாது. மாட்டை மேலே ஓட்டுவது, கறப்பது, சீஸ் காய்ச்சுவது, கீழே இறக்குவது என மொத்த வாழ்க்கைமுறைக்கும் கிடைத்த அங்கீகாரம் அது.

மணி காட்டும் மஞ்சள் பலகை

ட்ரூப்சே ஸ்டேஷன் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே அதே பெயரில் ஓர் ஏரி. ஏரியைச் சுற்றிச் செல்லும் பாதை சமதளம்தான். தாத்தா பாட்டி, குட்டிக் குழந்தைகள்கூட நடக்கலாம். அதற்குப் பிறகு ஏற்றம். 2,207 மீட்டரில் இருக்கும் யோக் கணவாய் வரை சுமார் ஒன்றரை மணி நேரம் மூச்சு வாங்கும். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு நாற்காலி லிஃப்ட் இருக்கிறது. அதில் ஏறுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை, உள்ளூர்க்காரர்களும் ஏறுகிறார்கள்.

கணவாயின் அந்தப் பக்கம் பெர்ன் மாநிலம். இறங்கும்போதே எங்ஸ்ட்லென் ஏரி தெரியும். அதைக் கடந்து சுமார் ஒரு மணி நேர நடையில், 1,834 மீட்டரில் எங்ஸ்ட்லென் ஆல்ப். 19-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு ஹோட்டல், சில மரவீடுகள், தொழுவங்கள், சீஸ் செய்யும் இடம், சுற்றிலும் கழுத்து மணிச் சத்தம். இன்னும் தெம்பு இருப்பவர்கள் டான் ஆல்ப் வழியாக மெல்க் ஏரிவரை நடக்கலாம். 'நான்கு ஏரி நடை' என்று பிரபலமான பாதை இதுதான். தெம்பு இல்லாதவர்களுக்குக் கோடையில் எங்ஸ்ட்லென் ஆல்ப்பிலிருந்து மைரிங்கன் ஊருக்கு பஸ் இருக்கிறது.

வழி தவறும் பயம் வேண்டாம். ஸ்விட்சர்லாந்தில் அடையாளமிட்ட நடைபாதைகளின் மொத்த நீளம் சுமார் 65,000 கிலோமீட்டர். மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் கிலோமீட்டருக்குப் பதிலாக எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கும். அது நிற்காமல், செல்ஃபி எடுக்காமல் நடப்பவர்களுக்கான கணக்கு! குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்றரை மடங்காகக் கணக்கு போட்டுக்கொள்ளலாம்.

பலகை வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை - சிவப்பு - வெள்ளைக் கோடு இருந்தால் மலைப்பாதை, பிடிப்புள்ள ஷூ அவசியம். வெள்ளை - நீலம் - வெள்ளை என்றால் பாறை ஏறத் தெரிந்தவர்களுக்கானது, நாம் திரும்பிவிடுவது நல்லது. ஜூனில்கூட கணவாய்களில் பனி கிடக்கலாம். ஜூலை முதல் செப்டம்பர் பாதிவரை போவதுதான் வசதி.

மாட்டின் கடிகாரம்

ஆல்ப்களில் தங்கும் வசதி ஒரே மாதிரி இருக்காது. சில இடங்களில் ஹோட்டல் அறை, சில இடங்களில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாகப் படுக்கும் டார்மிட்டரி. சில விவசாயக் குடும்பங்கள் தொழுவத்துக்கு மேலே இருக்கும் பரணில், காய்ந்த புல்மேல் படுக்க இடம் தருகின்றன. எங்கே போனாலும் முன்பதிவு அவசியம். கையில் ரொக்கமாக ஸ்விஸ் ஃபிராங்க் இருக்கட்டும். எல்லாக் குடிலிலும் கார்டு மெஷின் இருக்காது. போர்வைக்குள் நுழைந்துகொள்ள மெல்லிய துணிப்பை ஒன்றை நாமே கொண்டுபோவது வழக்கம். ஷூவை வாசலில் கழற்றிவிட வேண்டும். இது நமக்குப் புதிதில்லை!

ஆனால், ஒரு விஷயத்துக்கு மனதளவில் தயாராக வேண்டும். இது விருந்தாளிக்காக நடத்தப்படும் இடம் கிடையாது. மாட்டுக்காக நடத்தப்படும் இடத்தில் விருந்தாளிக்கும் ஒரு மூலை கிடைக்கிறது, அவ்வளவுதான். நான்கு ஐந்து மணிக்கு மாடுகள் தொழுவத்துக்கு வந்துவிட்டால், காபி கேட்டுக் காத்திருப்பவரைவிட மாட்டுக்குத்தான் முன்னுரிமை. இரவு உணவு பெரும்பாலும் ஒரே வகை, ஒரே நேரம்.

அந்த ஒரே வகை, 'எல்ப்லர் மக்ரோனி'யாக இருக்கலாம். மக்ரோனி, உருளைக்கிழங்கு, சீஸ், க்ரீம், மேலே வறுத்த வெங்காயம். தொட்டுக்கொள்ள, வேகவைத்து மசித்த ஆப்பிள். காரம் தேடும் நாக்குக்கு முதல் வாய் ஏமாற்றமாக இருக்கும். மலை ஏறிவந்த பசியில் மூன்றாவது வாயிலிருந்து பிடித்துப்போகும். இதில் பன்றி இறைச்சி சேர்ப்பவர்களும் உண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடலாம்.

விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கே கீழே விளக்கு எரியும். பால் கறக்கும் மெஷின் ஓட ஆரம்பிக்கும். தூக்கம் போச்சே என்று புலம்பாமல் கீழே இறங்கிப்போனால், சீஸ் பிறப்பதைப் பார்க்கலாம்.

முந்தைய மாலை கறந்த பால் இரவு முழுக்கக் குளிர்ந்து, மேலே ஆடை படிந்திருக்கும். அதைக் கொஞ்சம் வழித்துவிட்டு, காலைப் பாலோடு சேர்த்துப் பெரிய செப்புக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். பல ஆல்ப்களில் இன்றும் அடியில் விறகு அடுப்புதான். மேற்கு ஸ்விட்சர்லாந்தின் 'லெத்திவா' சீஸுக்கு இது சட்டமே. மே 10 முதல் அக்டோபர் 10 வரை, மலையில், விறகு நெருப்பில் காய்ச்சினால்தான் அந்தப் பெயரைப் போட முடியும்.

பால் 32 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடானதும், நாம் தயிருக்கு உறை ஊற்றுவதுபோல நுண்ணுயிர் உறையும், கூடவே ரென்னட்டும் சேர்க்கிறார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் எதையும் தொடக்கூடாது. பால் கெட்டித் தயிர்போல நின்றதும், கம்பிகள் கட்டிய 'ஹார்ப்' என்ற கருவியால் அதை அரிசி, கோதுமை மணி அளவுக்கு வெட்டுகிறார்கள். பிறகு கிளறிக்கொண்டே 50 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். பதம் பார்ப்பது கையால்தான். ஒரு பிடி அள்ளி அழுத்தி, உதிர்த்துப் பார்ப்பார்கள். நம் வீட்டில் பாகுப் பதத்தை விரலில் பார்ப்பதைப் போலத்தான்!

அடுத்ததுதான் பார்க்க வேண்டிய கட்டம். துணியின் ஒரு ஓரத்தை வளையும் கம்பியில் சுற்றி, கொப்பரையின் அடிவரை விட்டு, மொத்தக் கட்டியையும் ஒரே வாரில் தூக்குகிறார்கள். தண்ணீர் வடிய வடிய அச்சில் வைத்து அழுத்துவார்கள். வடிந்த நீர் பன்றிகளுக்கு. ஆல்ப்பில் பன்றிக் கொட்டகையும் ஏன் இருக்கிறது என்பதற்கு இதுதான் பதில்.

மறுநாள் உப்புநீரில் குளியல், அப்புறம் நிலவறை. அங்கே ஒவ்வொரு வட்டத்தையும் உப்புநீரால் துடைத்துத் திருப்பிவைக்க வேண்டும். கோடை முடிவதற்குள் நிலவறையில் நூற்றுக்கணக்கில் சேர்ந்தாலும் ஒன்றையும் விட முடியாது. பெர்ன் மலைப்பகுதியின் 'ஹோபல்' சீஸை 18 மாதமாவது பழுக்கவைக்கிறார்கள். அதன் பிறகு அதைக் கத்தியால் வெட்டுவதில்லை. தச்சரின் இழைப்புளி போன்ற கருவியால் சீவி, சுருள் சுருளாகச் சாப்பிடுகிறார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: பாரம்பர்ய மலைச் சீஸ்களில் ரென்னட் என்பது பெரும்பாலும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கத்தோலிக்கர்கள் அதிகம் வாழும் மத்திய ஸ்விட்சர்லாந்தின் சில ஆல்ப்களில், அந்தி சாயும்போது ஒரு குரல் கேட்கும். பால் வடிகட்டும் மரப் புனலை வாயில் வைத்து, நான்கு திசைக்கும் ஒருவர் ராகமாகப் பிரார்த்தனை சொல்வார். அந்தக் குரல் எட்டும் தூரம்வரை மனிதனுக்கும் மாட்டுக்கும் இரவில் ஆபத்து வராது என்பது நம்பிக்கை. சுற்றுலாப் பயணி இல்லாத நாளிலும் அது நடக்கும்.

அரை மேய்ச்சல், அரை கோர்ட்

மாடு நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கப்பட்ட பிராணி. அதனாலேயே ஆல்ப்ஸில் ஓர் ஆபத்து இருக்கிறது. தெருவில் நிற்கும் மாட்டைத் தொட்டுக் கும்பிட்டுப் பழகிய கை, அங்கேயும் நீளும். ஆனால், மலையில் கன்றோடு திறந்தவெளியில் திரியும் தாய்ப்பசு, நெருங்கி வருபவரை எதிரியாகத்தான் பார்க்கும். நாய் கூட வந்தால் கேட்கவே வேண்டாம், அதன் கண்ணுக்கு நாயும் ஓநாயும் ஒன்றுதான்.

ஆல்ப் வாழ்க்கையையே அசைத்துப்போட்ட ஒரு வழக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. பக்கத்து நாடான ஆஸ்திரியாவில், டிரோல் மாநிலத்தின் பின்னிஸ் பள்ளத்தாக்கில், 2014 ஜூலையில் நாயோடு நடந்துபோன ஒரு ஜெர்மன் பெண்ணை, கன்றுகளோடு இருந்த பசுக்கள் தாக்கிக் கொன்றன. நாயின் கயிறு அவர் இடுப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. மனைவியை இழந்த கணவரும் தாயை இழந்த மகனும் நீதிமன்றம் போனார்கள். 2019-ல் இன்ஸ்ப்ரூக் நீதிமன்றம், மாட்டின் சொந்தக்காரரான விவசாயி சுமார் 4,90,000 யூரோ தர வேண்டும் என்றது.

விவசாயிகள் அதிர்ந்துபோனார்கள். 'ஒரு மாடு முட்டினால் பண்ணையே போய்விடும் என்றால், எங்கள் நிலத்தின் வழியாக யாரையும் நடக்கவிட மாட்டோம்' என்ற பேச்சு எழுந்தது. இது வெற்று மிரட்டல் இல்லை. ஆல்ப்ஸில் நடைபாதைகள் பலவும் யாரோ ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்துக்குள்தான் போகின்றன. அவர்கள் வேலி போட்டு மூடினால், மலைச் சுற்றுலாவே முடங்கும்.

மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது: இருவர் மீதும் பாதிப் பாதி தவறு. கூட்டம் நடமாடும் இடத்தில் வேலி போடாதது விவசாயியின் தவறு. எச்சரிக்கைப் பலகை இருந்தும் நாயோடு மந்தையை நெருங்கிப் போனது நடந்தவரின் தவறு. இடையில், 2019-லேயே சட்டத்தைத் திருத்திய ஆஸ்திரிய அரசு, நடப்பவர்களும் தங்கள் பொறுப்பில் கவனமாக இருக்க வேண்டும் என்று சேர்த்தது. நடப்பவர்களுக்கான பத்து விதிகளையும் வெளியிட்டது.

அந்த விதிகளின் சாரம் எளிது. மாட்டிலிருந்து தள்ளிப் போங்கள், தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகவே போகாதீர்கள், தொடாதீர்கள், தீனி கொடுக்காதீர்கள். மாடு பாதையை மறித்து நின்றால், சுற்றிக்கொண்டு போங்கள். தலையைத் தாழ்த்தி முறைத்தால், முதுகைக் காட்டி ஓடாமல் நிதானமாக விலகுங்கள். நாயைக் கயிற்றில் பிடித்திருங்கள். ஆனால், மாடு பாய்ந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் தப்பித்துக்கொள்ளும். வேலிக் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். குழந்தைகளுக்கு இதை ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டு நடப்பது நல்லது.

தண்ணீர் கொண்டுவந்த ஹெலிகாப்டர்

நடப்பவர்களால் வரும் சிக்கலாவது பேசித் தீர்க்கக்கூடியது. வானம் தரும் சிக்கல் அப்படியில்லை. 2018 கோடையில் மழை பொய்த்து ஊற்றுகள் வற்றியபோது, தாகத்தில் தவித்த மாடுகளுக்கு ஸ்விஸ் ராணுவ ஹெலிகாப்டர்கள் தண்ணீர் சுமந்துபோய்க் கொட்டின. 2022, 2023 என்ற இரண்டே வருடங்களில் ஸ்விஸ் பனிப்பாறைகள் தங்கள் பனியில் பத்து சதவிகிதத்தை இழந்தன. பனி தேசத்தில் மாட்டுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்பதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

ஆள் கிடைப்பதும் பெரிய கவலை. விடியலில் ஆரம்பித்து இரவுவரை நீளும் வேலை, மூன்று மாதத்துக்கு லீவு கிடையாது. அதனால் பல ஆல்ப்களில் சொந்தக் குடும்பத்தோடு, கோடைக்கு மட்டும் வந்துசேரும் கூலியாட்களும் இருக்கிறார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து வருகிறவர்கள் உண்டு. ஆபீஸ் வேலைக்கு ஒரு கோடை விடுப்பு போட்டுவிட்டு வருகிற நகரத்து ஸ்விஸ் இளைஞர்களும் உண்டு. ஒரே கோடையில் 'போதும்' என்று இறங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள், வருடா வருடம் அதே ஆல்ப்புக்குத் திரும்பி வருபவர்களும் இருக்கிறார்கள். தங்க வரும் விருந்தாளி தரும் வாடகையும், நிலவறையிலிருந்து நேரடியாக வாங்கிப்போகும் அரைக் கிலோ சீஸும் இந்தக் கணக்கில் சிறிய தொகைதான். ஆனால், இடைத்தரகர் இல்லாமல் கைக்கு வரும் காசு அது.

செப்டம்பரில் புல் தீரும், குளிர் இறங்கும். பெர்ன் மாநிலத்தில் துன் ஏரிக்கு மேலே இருக்கும் யுஸ்டிஸ் பள்ளத்தாக்கில், கோடை முழுக்கச் சேர்ந்த சீஸ் வட்டங்களை வெளியே எடுத்துவந்து அடுக்குகிறார்கள். யார் மாடு எவ்வளவு பால் கொடுத்தது என்ற கணக்குப்படி பங்குகள் பிரிக்கப்படும். எந்த அடுக்கு யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவுசெய்யும். 'இது பெரிசு, அது சிறிசு' என்ற சண்டைக்கு இடமில்லை. இதைப் பார்க்கக் கூட்டம் கூடும்.

பிறகு மாடுகள் இறங்கும். நெற்றியில் பூக்கிரீடம், கழுத்தில் பெரிய மணி, தெரு நெடுக மக்கள். ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் இதில் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் கோடையில் குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தாலோ, மேலே ஒரு மாடு பள்ளத்தில் விழுந்து இறந்துபோனாலோ, அந்த மந்தைக்கு அலங்காரம் கிடையாது. மற்ற மந்தைகள் பூவோடு ஊருக்குள் நுழைய, அந்த மாடுகள் மட்டும் வெறும் தலையோடு வீட்டுக்குத் திரும்பும்.